நித்திரையைப் பறித்த நல்லெண்ணங்கள்

1522இல், ஸ்பெயின் நாட்டு மன்றேசா நகரிலே, லொயோலா இஞ்ஞாசியார் தினமும் ஏழு மணி நேரம் முழந்தாட்படியிட்டுச் செபித்து வந்தார். இரவிற் படுத்தாலோ, ஞான ஆறுதல்கள் பெருகி வந்து, இருந்த சொற்ப நித்திரையையும் பறித்தன. செபத்திற்குரிய நேரம் கொடுத்தபின் இவை ஏன் வருகின்றன என ஆராய்ந்தார். விலக்கிவிட்டு நித்திரை செய்வதே சரியெனக் கண்டார்.

முப்பது வயதைக் கடந்து பார்சலோனாவில் இலத்தீன் இலக்கணம் பயின்றபோதும் அதே தொல்லை. பாடத்தை மனனஞ் செய்ய அமர்ந்தால் ஞான எண்ணங்கள் குறுக்கிட்டன. இது சோதனையென உணர்ந்து, இரண்டு ஆண்டுகளும் வகுப்பிற் கவனந் தவறுவதில்லையென ஆசிரியருக்கு வாக்களித்தார்; தொல்லை ஒழிந்தது. 1556இல் அவர் உரோமையில் இறந்தபோது, அவர் நிறுவிய இயேசு சபையில் ஏறத்தாழ ஆயிரம் பேர் இருந்தனர்.

தீய பழக்கம் மட்டுமல்ல, நேரந் தவறிய நன்மையும் நம் பலத்தை உறிஞ்சும். இன்றிரவு படுக்குமுன் நம் நாளை ஆராய்ந்து பார்ப்போமா?