ஹுமாயூன் பாதுஷா: கனவில் வாழ்ந்த மன்னர்

மொகலாய மன்னர்களில் பாபரின் வீரத்தைப் போற்றுவோர் உண்டு. அக்பரின் ஆட்சித் திறமையைப் புகழ்வோரும் உண்டு. இவ்விருவருக்கும் நடுவில் நிற்கும் ஹுமாயூன் பாதுஷாவையோ, நாட்டைத் தோற்றவர், படியில் தவறி விழுந்து மாண்டவர் என்று இரண்டே வரிகளில் முடித்துவிடுகிறார்கள். இவருடைய வாழ்க்கையை வியாபாரிகளாகிய நாம் சற்று நிதானமாக நோக்குவது நலம். ஏனெனில் இவரைப் போன்ற சுபாவமுள்ள ஒருவராவது நம் குடும்பங்களிலும் கடைகளிலும் இருக்கவே செய்கிறார்.

ஹுமாயூன் 1508 மார்ச் 6-ஆம் தேதி காபூலில் பிறந்தார். 1530 டிசம்பரில் தந்தை பாபர் காலமானபோது அவருக்கு வயது 22. அவருக்குக் கிடைத்தது பெரிய ராஜ்யந்தான். ஆனால் பிடித்து நாலே ஆண்டுகள் ஆன ராஜ்யம். கஜானாவில் பணம் குறைவு. தம்பியருக்குத் தீங்கு செய்யலாகாது என்பது தந்தை விட்டுச் சென்ற புத்திமதி. தம்பி கம்ரான் பஞ்சாபைத் தானே எடுத்துக்கொண்டபோது, போகட்டும் என்று விட்டுக்கொடுத்தார். இளகிய நெஞ்சு, வானநூலிலும் கவிதையிலும் நீங்காத மோகம், அவசரம் என்பதே அறியாத போக்கு. இவையே அவருடைய சுபாவம்.

அவர் மனத்தில் உதித்த கற்பனைகள் வியப்பானவை. வாரத்தின் நாட்களைக் கிரகங்களுக்கு ஏற்பப் பங்கிட்டார். ராஜாங்க காரியங்களுக்கு ஞாயிறும் செவ்வாயும்; கற்றோருக்கும் நல்லோருக்கும் வியாழனும் சனியும்; களிப்புக்குத் திங்களும் புதனும்; வெள்ளி எல்லோருக்கும் பொது. அன்றன்றைய கிரகத்திற்குரிய நிறத்திலேயே உடை அணிவார். படகுகளை இணைத்து, கடைகள் நிறைந்த மிதக்கும் கடைவீதி ஒன்றை யமுனை ஆற்றில் செல்ல வைத்தார். அரண்மனையில் நீதி முரசு ஒன்றும் இருந்தது. சாதாரண வழக்குக்கு ஓர் அடி. சம்பளம் கிடைக்காதவன் இரண்டு அடி. பொருளைப் பறிகொடுத்தவன் மூன்று அடி. கொலை வழக்குக்கு நான்கு அடி. ஏழையின் குறை தம் காதில் நேராக விழவேண்டும் என்று எண்ணிய உள்ளத்தை நாம் மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் எடுத்த காரியத்தை முடித்துப் பூட்டும் வழக்கம் அவரிடம் இல்லை. 1535-இல் குஜராத் மீது படையெடுத்து, சம்பானேர் கோட்டையின் செங்குத்துச் சுவரில் இரும்பு முளைகளை அடித்து, வீரர்களோடு வீரராக இரவில் ஏறினார். கோழைக்கு இது முடியாது. வெற்றிக்குப் பின்னோ விருந்திலும் ஓய்விலும் காலம் கழித்தார். மறு ஆண்டே குஜராத் கைநழுவியது. 1538-இல் வங்காளம் சென்றார். கௌர் நகரின் அழகில் மயங்கி, அதற்கு ஜன்னதாபாத் என்று பெயர் சூட்டி, மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டார். அதற்குள் ஷேர்கான் அவர் திரும்பும் வழியை அடைத்துவிட்டார். கொள்முதலுக்குப் போனவர் ஊர் அழகு பார்த்து நின்றால் கடை என்னவாகும்?

1539 ஜூனில் சவுசா என்ற இடத்தில் படை சிதறியது. கங்கையில் மூழ்கவிருந்த பாதுஷாவை நிஜாம் என்னும் தண்ணீர் சுமக்கும் ஏழை, காற்றடைத்த தோல் துருத்தியின் உதவியால் கரைசேர்த்தார். அந்த ஏழையைப் பின்னர் சிறிது நேரம் தம் சிம்மாசனத்திலேயே அமர்த்தி நன்றிக்கடன் தீர்த்தார் ஹுமாயூன். தம்பியர் அதைக் கண்டு முகம் சுளித்தனர். 1540 மே மாதம் கன்னோஜில் மீண்டும் தோல்வி; ராஜ்யம் முழுவதும் போயிற்று. வென்ற ஷேர்ஷாவோ சாலை, சராய், வெள்ளி ரூபாய் என்று ஒவ்வொன்றையும் கணக்காகச் செய்தவர்.

இங்கேதான் அந்தச் சுபாவத்தின் மறுபக்கம் வெளிப்படுகிறது. சிந்துப் பாலைவனத்தில் தண்ணீருக்குத் தவித்த அந்த நாட்களில், கூடாரத்துக்குள் பறந்து வந்த அழகிய பறவையைப் பிடித்து, ஓவியனைக் கொண்டு அதன் உருவத்தை எழுதச் செய்து, பிறகு பறக்கவிட்டார். 1542 அக்டோபரில் உமர்கோட்டில் அக்பர் பிறந்த செய்தி வந்தபோது, பரிசளிக்கக் கையில் பொருளில்லை; இருந்த கஸ்தூரியை உடைத்துத் தோழர்களுக்குப் பங்கிட்டார். போரில் தொலைந்த புத்தகப் பெட்டிகள், பின்னொரு போருக்குப் பிறகு ஓட்டுபவரின்றி நின்ற இரண்டு ஒட்டகங்களின் மீது கிடைத்தபோது, அவருக்கு ஏற்பட்ட ஆனந்தம் பெரிது. எல்லாம் போனபின்னும் மனம் வறளவில்லை. ஆகவேதான் 15 ஆண்டுகள் அவரால் தாக்குப்பிடிக்க முடிந்தது.

இரண்டாவது காரணம் பைராம்கான். திட்டமும் துணிவும் உள்ள அவர் 1543-இல் மீண்டும் வந்து சேர்ந்து, இறுதிவரை உடன் நின்றார். 1544-இல் பாரசீக மன்னர் ஷா தஹ்மாஸ்பின் உதவியைப் பெற்று, அடுத்த ஆண்டு காந்தஹாரையும் காபூலையும் மீட்டார் ஹுமாயூன். கம்ரானைப் பலமுறை மன்னித்தார். ஒவ்வொரு மன்னிப்புக்கும் பிறர் உயிரே விலையாயிற்று. முடிவில் 1553-இல் அவரைக் குருடாக்கும் கொடிய தண்டனைக்கு இசைந்து மக்காவுக்கு அனுப்பினார். ஆரம்பத்திலேயே கண்டித்திருந்தால் இக்கொடுமைக்கு அவசியம் நேர்ந்திராது என்பது நம் எண்ணம்.

ஷேர்ஷாவின் வாரிசுகள் தமக்குள் சண்டையிட்டு நலிந்த வேளையில், 1555 ஜூனில் சிர்ஹிந்தில் வென்று, ஜூலையில் டில்லிக்குள் பிரவேசித்தார். ஆறு மாதந்தான். 1556 ஜனவரியில் நூல்நிலைய மாடியிலிருந்து இறங்கும்போது பாங்கோசை கேட்டு, மரியாதையாக உட்கார முனைந்தவர் அங்கியில் கால் சிக்கி விழுந்து, சில நாட்களில் காலமானார். காபூலுக்கு அவர் வரவழைத்த மீர் சையித் அலி, அப்துஸ் ஸமத் என்னும் ஓவியர்களே மொகலாய ஓவியத்துக்கு அஸ்திவாரம் இட்டவர்கள். மனைவி பேகா பேகம் எழுப்பிய அவருடைய சமாதி டில்லியில் இன்றும் நிற்கிறது.

நம் வீட்டுப் பிள்ளை கல்லாவில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தால், இவன் உருப்படமாட்டான் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அது அவசரத் தீர்ப்பு. வாடிக்கைக்காரரை இன்முகத்தால் கட்டிப்போடுபவனும், புதுச் சரக்கை முதலில் நினைப்பவனும், நஷ்டத்தில் நொறுங்காதவனும் பெரும்பாலும் அவனே. அவனுக்குப் பக்கத்தில் கணக்கறிந்த ஒரு பைராம்கானை அமர்த்துவது பெரியவர்களின் கடமை. ஆயினும் பேரேட்டை அன்றன்றைக்கே முடிப்பதும், தவறு செய்த தம்பியை உரிய காலத்தில் கண்டிப்பதும் அவனே கற்கவேண்டிய பாடங்கள். அவற்றைக் கற்க ஹுமாயூன் ஒரு ராஜ்யத்தையே விலையாகக் கொடுத்தார். நம் பிள்ளைகள் அவ்வளவு பெரிய விலை கொடுக்கவேண்டியதில்லை.