கர்னல் லாம்டன்

காவிரி நாட்டிற் பிறந்தோர்க்கு மலை ஏட்டளவில் அறிந்த பொருளேயாம். தாராசுரத்தினின்று எத்திசை நோக்கினும் வயலும் தென்னையுமே தோன்றும். இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரர் கோயிலின் விமானமே எம்மூர்க்கு மலை. இத்தகைய மலையில்லா நாட்டிலேதான், மலையளக்கும் கலைக்குப் பேரிடர் ஒன்று நேர்ந்தது. அதனை வென்ற பெரியார் வில்லியம் லாம்டன்.

இவர் இங்கிலாந்தில் யார்க்‌ஷையர் பகுதியில் 1753-ஆம் ஆண்டளவில் எளிய குடியிற் பிறந்தார். படையிற் சேர்ந்து, அமெரிக்காவிற் பல்லாண்டு கழித்து, நாற்பது வயது கடந்த பின்னரே இந்தியா வந்தார். 1799-இல் மைசூர்ப் போரின்போது ஓரிரவு, விண்மீன்களை நோக்கி, தம் படை வழிதவறிப் பகைவர் பக்கம் செல்வதை உணர்ந்து தலைவரை எச்சரித்தார்.

1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டினை, நூறடி எஃகுச் சங்கிலி கொண்டு 57 நாளில் அளந்தார். அடிக்கோடும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரியின், முக்கோணத்தின் மற்றைப் பக்கங்கள் கணக்கால் விளங்கும். அப்பக்கமே அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடாகும். கோணம் அளக்கும் தியோடலைட் அரை டன் எடையுடையது. அதனை மைசூர் நாட்டுக் கருங்கற் குன்றுகளின் உச்சிக்கு ஆட்கள் சுமந்தேறினர். தென்னாடு பழைய படங்கள் காட்டியதினும் 40 மைல் அகலங் குறைந்தது என்பது இவ்வாறே வெளியாயிற்று.

சோழநாட்டிலோ குன்றில்லை, தென்னையும் மரங்களும் பார்வையை மறைத்தன. ஆதலின் கோயிற் கோபுரங்களே மலையுச்சிகளாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலிற் கருவியை மேலேற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் வளைந்து கோணிற்று. பிறர் எல்லாம் முடிந்ததென்றே எண்ணினர். ஐம்பத்தைந்து வயதினரான லாம்டன் எவரையும் பழித்திலர், கூடாரத்துட் புகுந்தார். பலகையிற் சரியான வட்டம் வரைந்து, ஆப்பும் திருகாணியும் கப்பியும் கொண்டு, வளைந்த விளிம்பைச் சிறிது சிறிதாக அவ்வட்டத்திற்கு இழுத்தார். ஆறு வாரத்தில் கருவி மீண்டது, பணியும் தொடர்ந்தது.

1823 சனவரி 20-ஆம் நாள், நாகபுரி செல்லும் வழியில் இங்கன்காட்டில் இவர் உயிர் துறந்தார். இவருக்குப்பின் அப்பணியை ஏற்ற எவரெஸ்டின் பெயர், 1865-இல் உலகின் உயர்ந்த சிகரத்திற்கு இடப்பெற்றது. லாம்டனையோ நம்மவருள் அறிந்தோர் சிலரே. அன்று கயிறு பிடித்த தொழிலாளர் பெயரை அறிந்தோர் எவருமிலர்.

நண்பர்களே, சிகரத்தின் பெயரைப் படிக்குங்கால், தஞ்சையில் ஒரு கூடாரத்துள் கழிந்த அவ்வாறு வாரங்களையும் நினைமின்!