எழுதக் கற்கும் முன்பே எழுத்தாளரானவர்

தமிழ்ப் புதின உலகில் வை.மு.கோ. என்னும் மூன்றெழுத்தால் அறியப்பட்ட வை.மு.கோதைநாயகி அம்மாள் 1901ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பிறந்தார். ஒரு வயது நிரம்பும் பருவத்திலேயே தாயை இழந்தார். ஐந்து வயதில் திருவல்லிக்கேணி வைத்தமாநிதி முடும்பைக் குடும்பத்தைச் சேர்ந்த பார்த்தசாரதிக்கு மணம் செய்விக்கப்பட்டார். மணமகனும் அப்போது சிறுவரே. பள்ளிக்கூடத்தின் வாயிற்படியை மிதிக்கும் வாய்ப்பு அம்மையாருக்கு வாய்க்கவில்லை. பாசுரங்களும் இதிகாசக் கதைகளும் செவிவழியே வந்து சேர்ந்தன. அச்செல்வமே பின்னாளில் அவருக்கு முதலாயிற்று.

அண்டை வீட்டுக் குழந்தைகளைச் சுற்றி அமர்த்திக் கதை சொல்வது அவர் வழக்கம். புராணக் கதைகள் தீர்ந்தபின் தாமே புனைந்து சொல்லலானார். கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். நாடகம் ஒன்று எழுத வேண்டும் என்னும் ஆவல் மனத்தில் மூண்டது. ஆனால் எழுதும் பயிற்சி கையில் இல்லை. வேறொருவராயின் அத்துடன் அந்த ஆவலை மடித்து வைத்திருப்பர். அம்மையாரோ தோழி பட்டம்மாளை அருகில் இருத்தித் தாம் சொல்லச் சொல்ல எழுதச் செய்தார். அவ்வாறு உருவான ‘இந்திர மோகனா’ நாடகம் 1924இல் நூலாக வெளிவந்தது. தாமே தாளில் எழுதிப் பழகியது அதன் பின்னரே. எழுத்தறிவு வரட்டும், பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. கதையின் தேவையே அவருக்கு எழுத்தைக் கற்பித்தது.

நூல் வந்ததும் பாராட்டு வந்தது. அதனினும் மிகுதியாக ஏச்சும் வந்தது. வைணவ ஆசாரம் மிக்க சூழலில் ஒரு குடும்பப் பெண் கதை எழுதுவதும், அவர் பெயர் அச்சில் வருவதும் அடாத செயல்களாகக் கருதப்பட்ட காலம் அது. உற்றாரும் தெருவாரும் தூற்றினர். கணவர் துணை நின்றார். அம்மையார் தூற்றியவர்களுக்கு மறுமொழி தேடிக்கொண்டிராமல் அடுத்த படைப்பைத் தேடினார்.

1925ஆம் ஆண்டு, தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் தொழுநோயோடு போராடியபடியே நாட்டுக்கு உழைத்த சுப்பிரமணிய சிவா மறைந்த ஆண்டு. அவ்வாண்டிலேதான் நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ என்னும் மாத இதழை அம்மையார் ஏற்று நடத்தத் தொடங்கினார். ‘வைதேகி’ முதலாகத் தம் புதினங்களை அதில் தொடராக எழுதினார். அவரது ஊக்கத்தின் இரகசியம் இவ்விதழில் அடங்கியிருக்கிறது எனலாம். மாதம் பிறந்தால் அடுத்த பகுதி வேண்டும். அதற்கெனக் காத்திருக்கும் பெண்கள் ஊர்தோறும் இருந்தனர். மனம் சோர்ந்த மாதமும் உண்டு, மகிழ்ந்த மாதமும் உண்டு. இரண்டிலும் இதழ் வெளிவந்தாக வேண்டும். முன்பு திண்ணையில் அமர்ந்து அடுத்து என்ன என்று கேட்ட குழந்தைகளின் இடத்தை இப்போது வாசகியர் நிரப்பினர். கேட்பவர் உள்ளவரை சொல்பவர் ஓயவில்லை.

காந்தியடிகளின் தொடர்பால் பட்டையும் நகையையும் துறந்து கதர் உடுத்தினார். மேடைகளில் பாடினார், பேசினார். மறியலில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். சிறையும் அவர் பேனாவை நிறுத்தவில்லை. ‘உத்தமசீலன்’ அங்கு எழுதப்பட்டது. உடனிருந்த பெண் கைதிகளின் துயரக் கதைகளும் அவருக்குக் கருப்பொருளாயின. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சென்னையை விட்டுச் சிங்கப்பெருமாள் கோயிலுக்குக் குடிபெயர நேர்ந்தபோதும் இதழ்ப்பணியைக் கைவிடவில்லை. ஏறத்தாழ 35 ஆண்டுகளில் 115 புதினங்கள். ஆண்டுக்கு மூன்றுக்கும் மேல். ‘அநாதைப் பெண்’ 1938இல் திரைப்படமாயிற்று. ‘தயாநிதி’ அவர் மறைவுக்குப் பின் 1966இல் ‘சித்தி’ என்னும் பெயரில் திரைக்கு வந்தது.

இவற்றில் கலைநயம் குறைவு, அறவுரை மிகுதி, நிகழ்ச்சிகள் தற்செயலால் நகர்கின்றன என்று திறனாய்வாளர் கூறிய குறைகளில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், கைம்மையும் குழந்தை மணமும் வரதட்சணையும் அடுக்களைக்குள்ளேயே புழுங்கிக் கிடந்த நாளில், அவற்றை அடுக்களைப் பெண்களே படிக்கும் கதைகளாக்கிய பணி சிறிதன்று.

ஒரே மகன் சீனிவாசனை 1956இல் இழந்த துயரம் அம்மையாரை உருக்குலைத்தது. எந்த ஏச்சுக்கும் தளராத உள்ளம் இதில் தளர்ந்தது. காசநோய் பற்றியது. 1960 பிப்ரவரி 20இல் மறைந்தார்.

2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவில் தமிழகத்தின் கடைசி மாவட்டம் தருமபுரி. பள்ளிப் படிப்பு முடியுமுன்பே பெண்ணுக்கு மணம் பேசும் வழக்கமும் இங்கு இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. களத்துமேட்டிலும் நடவு வயலிலும் கதையும் பாட்டுமாக வாழ்கின்ற, எழுத்தறியாத பெண்கள் இம்மண்ணில் பலர். கோதைநாயகி அம்மாளும் ஒருகாலத்தில் அவர்களுள் ஒருவராகவே இருந்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதித்தர ஒரு பட்டம்மாள் அருகில் இருந்தார். கவிஞர்களும் எழுத்தாளர்களும் கூடும் இலக்கிய வட்டம் ஒன்று தன் ஊர்ப் பெண்களுக்கு அந்தப் பட்டம்மாளாக அமையுமானால், அதனினும் சிறந்த தமிழ்ப்பணி வேறில்லை.