டீசல் என்ஜினுக்கு உயிர் தந்த ராபர்ட் பாஷ்

டிராக்டர் ஓடுகிறது. லாரி ஓடுகிறது. ஆனால் அவற்றின் டீசல் என்ஜினுக்குள் தீப்பொறி கிடையாது!

காற்றை இறுக்கி அழுத்தினால் அது கொதிக்கும். அந்த நேரத்தில் எண்ணெயைப் பனித் தூறலாகப் பீச்சினால் போதும், தானே பற்றிக்கொள்ளும். பீச்சுவதற்கு ஒரு பம்ப் வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு சிறு சொட்டுதான். ஆனால் அளவும் தப்பக்கூடாது, நேரமும் தப்பக்கூடாது.

அந்தப் பம்பை ஆயிரக்கணக்கில் செய்து காட்டியவர், ஒரு சத்திரக்காரரின் மகன். அவர்தான் ராபர்ட் பாஷ்.

பதினோராவது பிள்ளை

ஜெர்மனியில் உல்ம் நகரத்துக்கு அருகே ஆல்பெக் என்ற கிராமம். 1861-ம் ஆண்டு செப்டம்பர் 23-ந்தேதி பாஷ் அங்கே பிறந்தார். 12 குழந்தைகளில் அவர் 11-வது பிள்ளை. தகப்பனாருக்கு நிலபுலமும் சத்திரமும் இருந்தன.

பாஷ், நுண்கருவிகள் செய்யும் தொழிலைப் பழகினார். 1884-ல் அமெரிக்கா சென்று எடிசனின் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பிறகு இங்கிலாந்தில் சிறிது காலம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பினார்.

1886-ம் ஆண்டு நவம்பர் 15-ந்தேதி ஸ்டட்கர்ட் நகரில் சொந்தப் பட்டறை திறந்தார். தகப்பனார் விட்டுச்சென்ற பணம்தான் முதல். வேலைக்கு ஒரு மெக்கானிக். ஓடியாட ஒரு பையன். மின்சார மணியும் டெலிபோனும் பொருத்தினார்கள். முதல் சில வருஷங்கள் கடன் தொல்லைதான்.

தீப்பொறி தந்த செல்வம்

1887-ல் ஒருவர் என்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ கருவி கேட்டார். பாஷ் செய்து கொடுத்தார். 1897-ல் அது மூன்று சக்கர மோட்டார் வண்டியில் ஏறியது. 1902-ல் அவரிடம் வேலை பார்த்த கோட்லோப் ஹோனோல்ட், ஸ்பார்க் பிளக்குடன் கூடிய உயர் மின்அழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். அதன்பின் பணம் கொட்டியது. விற்பனையில் பெரும்பகுதி வெளிநாடுகளில்தான்.

1906-ல் பாஷ் தம் தொழிலாளர்களுக்கு 8 மணி நேர வேலையைக் கொண்டுவந்தார். பல முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. சிவப்பு பாஷ் என்று அவருக்குப் பட்டம் கட்டினார்கள். ஆனால் 1913-ல் அவருடைய ஆலையிலேயே நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. அது அவர் மனத்தை மிகவும் புண்படுத்தியது.

முதல் உலக யுத்தத்தில் அவருக்குப் பெரும் லாபம் வந்தது. யுத்தத்தில் சம்பாதித்த பணம் அவருக்கு உறுத்தியது. 1916-ல் நெக்கார் நதியில் கால்வாய் வெட்டுவதற்கு ஒரு கோடி மார்க்குக்கு மேல் கொடுத்தார். யுத்தம் அவரிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டது. அமெரிக்காவில் இருந்த அவருடைய கம்பெனியை அந்நாட்டு அரசு பறிமுதல் செய்து விற்றுவிட்டது.

மகன் மறைந்தான்

அதைவிடப் பெரிய இடி 1921-ல் விழுந்தது. வாரிசாக வரவேண்டிய ஒரே மகன், நெடுநாள் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனான். பாஷுக்கு அப்போது வயது 60-ஐ நெருங்கியிருந்தது.

அதே சமயத்தில் தொழிலுக்கும் ஓர் அபாயம் தெரிந்தது. டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை. அது பரவினால் மேக்னெட்டோவை வாங்குவோர் யார்?

ஆனால் டீசல் என்ஜினிலும் ஒரு குறை இருந்தது. ருடால்ப் டீசல் உருவாக்கிய என்ஜினில், அழுத்திய காற்றைக் கொண்டுதான் எண்ணெயை உள்ளே ஊதினார்கள். அதற்குக் கனமான கம்பிரசர் வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு லாரி எப்படி ஓடும்? கடைசிவரை அந்தக் குறை தீராமலே 1913-ல் டீசல், கப்பல் பயணத்தின்போது கடலில் மறைந்தார்.

1922-ல் பாஷ் முடிவு செய்தார். தம் மேக்னெட்டோவுக்குப் போட்டியாக வரும் என்ஜினுக்குத் தாமே பம்ப் செய்வது!

முடியைவிட மெல்லிய இடைவெளி

என்ஜினுக்கு மசகு எண்ணெய் ஊட்டும் சிறு பம்புகளை அவர் ஆலை 1909 முதலே செய்துவந்தது. அந்த அனுபவம் கைகொடுத்தது. பல மாதிரிகளைச் செய்து சோதித்தார்கள்.

பம்பின் உள்ளே உலக்கை போல ஒரு தண்டு குழலுக்குள் ஏறி இறங்கும். அதுதான் பிளஞ்சர். அதற்கும் குழலுக்கும் இடையே உள்ள சந்து, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்குதான். தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன்! தண்டின் உடலில் சாய்வாக ஒரு வெட்டு உண்டு. தண்டைச் சிறிது திருப்பினால் எண்ணெய் கூடும். எதிர்ப்புறம் திருப்பினால் குறையும்.

5 வருஷ உழைப்புக்குப் பின் 1927-ல் பம்புகள் வரிசையாக வெளிவந்தன. முதலில் லாரிகளுக்குப் போயின. பிறகு டிராக்டர்களுக்கும், 1936-ல் மெர்சிடிஸ் காருக்கும் வந்தன. 1951-ல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ கம்பெனியால், நம் ஊர் மெக்கானிக்குகளுக்கும் இந்தப் பம்ப் பழக்கமாயிற்று.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்று டிராக்டர் இழுவைப் போட்டிகள் நடக்கின்றன. பாரம் ஏற்றிய சறுக்கு வண்டியைப் பழைய டிராக்டர் சுமார் 100 மீட்டர் இழுக்கவேண்டும். போகப் போகப் பாரம் முன்னால் நகர்ந்து கனக்கும். போட்டிக்காரர்கள் முதலில் கைவைப்பது பம்பில்தான். பெரிய பிளஞ்சர் போட்டு எண்ணெயைப் பல மடங்கு கூட்டுவார்கள். அதற்கேற்றபடி டர்போ காற்றைத் தராவிட்டால் கரும்புகைதான் வரும். சூடு மிஞ்சினால் பிஸ்டனே உருகிவிடும். அந்தச் சொட்டின் அளவுக்கு அத்தனை மதிப்பு!

ஹிட்லர் காலம்

முதுமையில் பாஷுக்கு இன்னொரு சோதனை வந்தது. ஹிட்லர் ஆட்சியை அவர் வெறுத்தார். ஆனால் அவர் ஆலை ராணுவத்துக்குச் சாமான் செய்தது. யுத்த காலத்தில் கட்டாயத் தொழிலாளர்களும் அங்கே வதைபட்டார்கள். அது அழியாத கறை.

மறுபக்கம், யூதர்கள் நாட்டைவிட்டுத் தப்புவதற்கு பாஷும் அவர் சகாக்களும் உதவினார்கள். ஹிட்லரின் எதிரியான கோர்டெலருக்கு 1937-ல் ஆலோசகர் உத்தியோகம் கொடுத்தார்கள். கோர்டெலர் 1945-ல் தூக்கிலிடப்பட்டார்.

பாஷ் அதைப் பார்க்கவில்லை. 1942-ம் ஆண்டு மார்ச் 12-ந்தேதி, தமது 80-வது வயதில் காலமானார். அவர் வெறுத்த அரசாங்கமே அவருக்கு அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு நடத்தியது!

லாபம் பொதுநலத்துக்குப் போகவேண்டும் என்பது அவர் விருப்பம். 1964-ல் கம்பெனிப் பங்குகளில் பெரும்பகுதி ஓர் அறநிலையத்துக்கு மாற்றப்பட்டது. இன்றும் அந்தப் பங்கின் வருமானத்தில் ஸ்டட்கர்ட் நகரில், அவர் பெயரால் ஓர் ஆஸ்பத்திரி நோயாளிகளைக் கவனித்து வருகிறது.