வழக்குமன்றமும் கப்பல் நிறுவனமும்

கற்ற கல்வி யாருக்குப் பயன்பட வேண்டும் என்னும் வினா, தொழிற்கல்வி பெற்றோர் அனைவருக்கும் ஒருநாள் எதிர்ப்படுவதாகும். சட்டம் பயின்றோர்க்கு அது மேலும் கூர்மையாக எதிர்ப்படுகிறது. ஏழையர் வழக்குகளையும் பொதுநல வழக்குகளையும் ஏற்று நடத்திய இளம் வழக்கறிஞர் சிலர், நாளடைவில் பெருநிறுவனங்களுக்குப் பணிபுரியும் சட்ட நிறுவனங்களை நாடிச் செல்வதைக் காண்கிறோம். அவர்களைப் பழிப்பாரும் உளர், பாராட்டுவாரும் உளர். மாரியூர், வாலிநோக்கம் உப்பளங்களிலும் மீன்பிடித் துறைகளிலும் உழைப்போரின் பிள்ளைகள் பட்டம் பெற்று எழுந்துவரும் இப்பகுதியில், இது வெறும் ஏட்டு வினா அன்று. இக்கடற்கரையின் தென்மேற்கே, தூத்துக்குடியில் தொழில் புரிந்த வழக்கறிஞர் ஒருவரின் வாழ்வு இதற்கு விடை காண உதவும். அவரே வ.உ. சிதம்பரனார்.

ஏழையரின் வழக்கறிஞர்

வ.உ.சி. 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை, அவ்வூரில் பெயர்பெற்ற வழக்கறிஞர். தாயார் பரமாயி அம்மையார். திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று தேறிய வ.உ.சி., 1895இல் ஒட்டப்பிடாரத்திலேயே தொழில் தொடங்கினார். குற்றவியல் வழக்குகளில் வல்லவராய் விளங்கிய அவர், காவல்துறையினரின் பகைக்கு அஞ்சாது எளியோர்க்காக வாதாடினார். வறியவர் பலரிடம் கட்டணமும் பெற்றாரல்லர். பின்னர் 1900இல் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தார். அங்கும் அவர் தொழில் செழித்தது.

நிறுவனம் கண்டவர்

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நிகழ்ந்த கப்பல் வணிகம் அந்நாளில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் பிடியில் இருந்தது. சுதேசி உணர்வு நாடெங்கும் பரவிய வேளையில், 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. அதன் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவராய் அமைந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கென இரண்டு லட்சம் ரூபாய் வழங்கினார். மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒருவரே தாங்கினார் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

நல்ல வருவாய் தந்த வழக்கறிஞர் தொழிலைப் பின்னிறுத்தி, ஒரு பெரும் வணிக நிறுவனத்தின் பணியை வ.உ.சி. மேற்கொண்டார். ஆயினும் அது தம் நலம் கருதிய மாற்றம் அன்று. பங்கு சேர்க்க ஊர் ஊராய் அலைந்தார். 1907இல் காலியா, லாவோ என்னும் கப்பல்கள் தூத்துக்குடி வந்தடைந்தன. எதிர் நிறுவனம் பயணக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில் இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் துணிந்தது. சுதேசி நிறுவனத்தை விலைக்கு வாங்கவும் முயன்றது. வ.உ.சி. இணங்கவில்லை.

தொழிலாளர் பக்கம்

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடிக் கோரல் நூற்பாலைத் தொழிலாளர், ஊதிய உயர்வும் வார விடுமுறையும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றனர். ஆலை நிர்வாகம் பணிந்தது. ஆயின், வ.உ.சி.யின் அரசியல் ஈடுபாடு வணிகத்தைக் கெடுக்கும் என்னும் அச்சம் கப்பல் நிறுவனத்தார் சிலரிடையே தோன்றியது. பங்குதாரர்க்கு வேண்டியது இலாபம். தொழிலாளிக்கு வேண்டியது நியாயம். இவ்விரண்டிற்கும் இடையே நின்ற வ.உ.சி. தொழிலாளியைக் கைவிடவில்லை. அவ்வாண்டு மார்ச் 12ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார்.

சிறையும் வறுமையும்

நீதிபதி பின்ஹே ஜூலைத் திங்களில் விதித்த ஆயுள்காலத் தீவாந்தரத் தண்டனை, மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் வாடிய அவர் 1912 டிசம்பரில் விடுதலை பெற்றார். அதற்குள் நிறுவனம் கலைக்கப்பட்டுவிட்டது. எந்த நிறுவனத்தை எதிர்த்துக் கப்பல் ஓட்டினாரோ, அதனிடமே காலியா கப்பல் விற்கப்பட்டது. வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிற்று.

சென்னையில் சிறு வணிகம் செய்து குடும்பத்தைக் காக்க முயன்றார். தென்னாப்பிரிக்கத் தமிழர் தமக்கெனத் திரட்டிக் காந்தியடிகளிடம் அளித்த தொகைக்காகப் பலமுறை மடல் எழுதிக் காத்திருந்தார். 1916இல் வந்து சேர்ந்தது 347 ரூபாய் 12 அணா. அவ்வறுமையிலும் தமிழ்ப்பணி நிற்கவில்லை. மெய்யறம், மெய்யறிவு ஆகிய நூல்களை இயற்றினார். திருக்குறள் மணக்குடவர் உரையையும் தொல்காப்பிய இளம்பூரணர் உரையையும் பதிப்பித்தார்.

அவருக்கு உரிமம் மீளக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி. அந்நன்றியால் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். பின்னர்க் கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வழக்கறிஞராய்ப் பணியாற்றி, 1936 நவம்பர் 18ஆம் நாள் மறைந்தார்.

நமக்குரிய பாடம்

நிறுவனத்தில் சேர்வது தவறு என்பதை இவ்வாழ்வு கூறவில்லை, வ.உ.சி.யே நிறுவனம் கண்டவர். எங்கிருந்தாலும் எளியோரை மறவாமையே அவர் பெருமை. அதே வேளையில், அவரை வாழ்த்தி முழங்கிய மக்கள் அவர் குடும்பத்தின் அடுப்பு எரிகின்றதா என நோக்கத் தவறினர் என்பதையும் மறைத்தல் கூடாது. பொதுநலத்திற்கு உழைப்பவரின் வீட்டைப் பொதுமக்கள் தாங்காவிடின், அவர் வேறிடம் செல்வதைக் குறைகூற நமக்கு உரிமை யாது?

1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1995இல் நடைமுறைக்கு வந்தபின், வறியவர்க்கு இலவச வழக்கறிஞர் கிடைக்க வழி பிறந்துள்ளது. அரசின் வழி மட்டும் போதாது. சட்டம் பயிலும் மாணவர்க்கு உதவித்தொகை அளிக்கும் நம் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும், பயின்று முடித்து எளியோர் வழக்கை ஏற்று நடத்தும் தொடக்க ஆண்டுகளிலும் அவர்க்குக் கைகொடுத்தல் வேண்டும். அன்று பக்கீர் சேட் கப்பலுக்குக் கொடுத்தார். இன்று நாம் வழக்கறிஞர்க்குக் கொடுப்போம். மாணவர்களே, நீங்கள் எந்த நிறுவனத்தில் அமர்ந்தாலும், உப்பளத்து உழைப்பாளி ஒருவர் வழக்கோடு வந்து நின்றால், அவர்க்காக ஒரு நாற்காலியை ஒதுக்கி வையுங்கள்.