செஸ் ஆட்டத்துக்கு மார்க் போட்டவர்: ஆலன் டூரிங்



நம்ம முதலியார்பேட்டையில செஸ் ஆடுற பசங்க எல்லாரும் இப்போ ஆட்டம் முடிஞ்சதும் மொபைல்ல கம்ப்யூட்டர்கிட்ட கேட்கிறோம். அது +1.5, -0.8 என்று ஒரு எண் காட்டும். கூட்டல் என்றால் வெள்ளைக்கு நல்ல நிலை, கழித்தல் என்றால் கருப்புக்கு. எண்ணைப் பார்த்ததும் பேச்சு முடிஞ்சுபோகுது. அந்த எண் எங்கிருந்து வருது? அதைச் சொல்ல, ஒரு கணித மேதையின் வாழ்க்கையை எழுதுகிறேன்.

ஆலன் டூரிங் 1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்தார். ஆனால் அவருக்கு நம்ம பக்கத்துத் தொடர்பு உண்டு. அம்மா ஈத்தல் சாரா பிறந்தது கோயம்புத்தூர் பக்கத்துப் போத்தனூரில்! தாத்தா மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். அப்பா ஜூலியஸ் மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. பெற்றோர் இந்தியாவில் இருந்ததால் ஆலனும் அண்ணன் ஜானும் சின்ன வயதில் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தார்கள்.

1936-ல், விதிகளை மட்டுமே பின்பற்றிக் கணக்கிடும் ஒரு கற்பனை இயந்திரத்தைப் பற்றி எழுதினார். இன்றைய கம்ப்யூட்டர்களுக்கு அதுதான் அடிப்படை. இரண்டாம் உலகப்போரில் பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் ஜெர்மனியின் எனிக்மா ரகசியச் செய்திகளை உடைக்க உதவினார். அங்கே செஸ் சாம்பியன் ஹ்யூ அலெக்சாண்டரும் வேலை பார்த்தார். டூரிங் செஸ்ஸில் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை. ஆனால் இயந்திரம் செஸ் ஆடுமா என்ற கேள்வி அவரை விடவே இல்லை.

1948-ல் நண்பர் சாம்பர்நவுனுடன் சேர்ந்து டூரோசாம்ப் என்ற செஸ் விதிகளை உருவாக்கினார். அதில் காய்களுக்குப் போட்ட மார்க்:

சிப்பாய் – 1
குதிரை – 3
பிஷப் – 3½
யானை – 5
ராணி – 10

இது சமமாக இருந்தால்? ஒரு காய் எத்தனை நகர்வுகள் செய்யலாம் என்று எண்ணி, அதன் வர்க்கமூலத்தைச் சேர்க்க வேண்டும். 9 நகர்வு என்றால் 3 மார்க். காய்க்குப் பாதுகாப்பு இருக்கா, சிப்பாய் முன்னேறியிருக்கா என்பதற்கும் தனித்தனி மார்க் உண்டு.

இன்னொரு விதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வெட்டுக்கு வெட்டு நடக்கும்போது பாதியில் மார்க் போடக்கூடாது. யானையை வெட்டிட்டேன், 5 மார்க் லாபம் என்று துள்ளினால், அடுத்த நகர்வில் நம்ம ராணி போயிடும். அதனால் ஆட்டம் அமைதியாகும் வரை பார்த்துவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

அப்போது இதைக் கம்ப்யூட்டரில் ஓட்ட முடியவில்லை. 1952-ல் டூரிங்கே கம்ப்யூட்டராக உட்கார்ந்து, பேப்பரில் கணக்குப் போட்டு, அலிக் கிளென்னியுடன் ஆடினார். ஒரு நகர்வுக்குச் சுமார் அரை மணி நேரம்! 29 நகர்வில் தோல்வி. கடைசியில் ஒரு சிப்பாய் கிடைக்குதேன்னு ராணி போய் வெட்டியது. எதிரியின் யானை வந்து நின்றது. ராணியைக் காப்பாற்ற வழியில்லை. விதிகள் பார்த்த தூரம் அவ்வளவுதான். எவ்வளவு தூரம் பார்த்தது, எதையெல்லாம் எண்ணியது என்பதைப் பொறுத்தே மார்க். 2012-ல் காஸ்பரோவ் இதே விதிகளை 16 நகர்வில் வென்றார்.

அதே 1952-ல் டூரிங்குக்கே ஒரு மார்க் போடப்பட்டது. அவர் ஓர் ஆணை நேசித்தார். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி அது குற்றம். சிறைக்குப் பதிலாக ஒரு வருஷம் கட்டாய ஹார்மோன் மருந்து கொடுத்தார்கள். அரசின் ரகசிய வேலைகளில் இருந்தும் நீக்கினார்கள். போரில் அவர் செய்தது ரகசியமாகவே இருந்ததால் 1970-கள் வரை மக்களுக்குத் தெரியவில்லை. 1954 ஜூன் 7-ல், 41 வயதில் இறந்தார். இங்கிலாந்து பிரதமர் 2009-ல் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் அரசி மன்னிப்பு அளித்தார். 2021-ல் 50 பவுண்டு நோட்டில் அவர் படம் வந்தது. நம் நாட்டிலும் 2018-ல் உச்ச நீதிமன்றம் அப்படி நேசிப்பது குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. ஒரே ஒரு விதியை வைத்து ஒரு மனுஷனுக்கு மார்க் போட்டதைத் திருத்த இத்தனை வருஷம்!

இப்போ நம்ம மொபைலுக்கு வருவோம். ஸ்டாக்ஃபிஷ் டூரிங்கின் விதிகளைவிடப் பல மடங்கு தூரம் பார்க்கும். 2022 டிசம்பரில் இருந்து அதில் +1 என்றால் ஒரு சிப்பாய் கூடுதல் என்று அர்த்தமில்லை; சம பலமுள்ள எதிரியுடன் ஆடினால் ஜெயிக்க 50 சதவீத வாய்ப்பு என்று அர்த்தம். அதுவும் கம்ப்யூட்டர் மாதிரி ஆடினால்! 0.00 என்றால் இரண்டு பேரும் சரியாக ஆடினால் டிரா என்பது கம்ப்யூட்டரின் கணிப்பு. ஒருத்தருக்கு ஒரே ஒரு நகர்வுதான் சரியாக இருக்கலாம்; அதை நாம கண்டுபிடிப்போமா என்பது எண்ணில் இருக்காது.

அதனால் நண்பர்களே, எண்ணைப் பார்த்ததும் மொபைலை மூடாதீங்க. கீழே வரும் நகர்வுகளைப் பலகையில் வைத்துப் பாருங்க. எந்தக் காய்க்கு இடமில்லை, எந்த ராஜாவுக்கு ஆபத்து என்று நீங்களே சொல்லிப் பாருங்க. காரணம் சொல்லத் தெரிந்தால்தான் அந்த மார்க் நமக்குச் சொந்தம்!