தன் கையை விலையாகக் கொடுத்த பல் வைத்தியர்
எட்மண்ட் கெல்ஸ் (1856 - 1928)

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையொன்றின் மேல்வரிசைப் பற்களிடையே வேட்டைப்பல் முளைக்காதிருப்பதைக் காணும் பெற்றோர், அதனைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. காலம் வரும்போது முளைக்கும் என்று காத்திருப்பர். ஆனால் அந்தப் பல் தாடை என்பினுள்ளே திசைமாறிக் கிடக்கக்கூடும். அருகிலுள்ள வெட்டும்பல்லின் வேரை அது மெல்ல மெல்ல அரித்துக்கொண்டும் இருக்கக்கூடும். வெளியே வலியுமிராது, வீக்கமுமிராது. இந்நிலையை இன்று ஒரு பல் வைத்தியர் சில வினாடிகளில் கதிர்ப்படமொன்றின் மூலம் கண்டறிந்துவிடுகிறார். அந்தப் படத்தைப் பார்த்தே, புதைந்த பல்லை எத்திசையில் இழுப்பது, எங்கே கம்பியைப் பொருத்துவது என்று திட்டமிடுகிறார். இந்த வசதி மனித குலத்துக்கு இலவசமாகக் கிடைத்ததன்று. அதற்காகத் தன் விரல்களையும், கையையும், ஈற்றில் வாழ்வையுமே இழந்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் பல் வைத்தியரான சார்ள்ஸ் எட்மண்ட் கெல்ஸ் ஆவார்.

ஐக்கிய அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள நியூ ஓர்லியன்ஸ் நகரில் 1856 ஒக்டோபரில் பிறந்தவர் கெல்ஸ். அவரது தந்தையாரும் பல் வைத்தியரே. நியூயோர்க் நகரில் பல் வைத்தியம் பயின்று 1878இல் பட்டம் பெற்ற கெல்ஸ், ஊர் திரும்பித் தந்தையாருடன் இணைந்து தொழிலை ஆரம்பித்தார். புதியது எதைக் கண்டாலும் அதைத் தன் தொழிலுக்கு எவ்வாறு பயன்படுத்தலாம் என்று சிந்திப்பது அவரது இயல்பு. பல் வைத்திய நிலையத்தில் மின்சாரத்தைப் பயன்படுத்திய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். சத்திரசிகிச்சையின்போது வாயில் தேங்கும் உமிழ்நீரையும் இரத்தத்தையும் உறிஞ்சி அகற்றும் கருவியை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1885இல் பெண்ணொருவரைத் தமது உதவியாளராக நியமித்தார். ஆண் துணையின்றிப் பெண்கள் வைத்தியரிடம் தனியே செல்லத் தயங்கிய அக்காலத்தில், இந்நியமனம் அவர்களது தயக்கத்தைப் போக்க உதவியது.

இவ்வாறு தொழிலில் சிறந்து விளங்கிய கெல்ஸின் வாழ்வை மாற்றிய செய்தி ஜேர்மனியிலிருந்து வந்தது. 1895 நவம்பர் 8ஆம் திகதி வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் றொன்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். அவ்வாண்டின் இறுதியில் அது உலகுக்கு வெளியாயிற்று. இரண்டு வாரங்கள் கழிவதற்குள், 1896 ஜனவரியில், பிரவுன்ஷ்வைக் நகரப் பல் வைத்தியரான ஒட்டோ வோல்க்கொஃப் தம் சொந்தப் பற்களையே கதிர்ப்படம் எடுத்தார். அதற்காக அவர் இருபத்தைந்து நிமிடங்கள் அசையாது கிடக்க வேண்டியிருந்தது.

நியூ ஓர்லியன்ஸில் இக்கதிர் பற்றிய செயல்முறை விளக்கமொன்றைக் கண்ட கெல்ஸ், காலந்தாழ்த்தாது கருவியை வரவழைத்துத் தம் நிலையத்திலேயே நிறுவினார். 1896ஆம் ஆண்டிலேயே உயிருள்ள மனிதரின் பற்களைப் படம் பிடித்த அவர், அவ்வாண்டு ஜூலை மாதம் வட கரோலினாவிலுள்ள ஆஷ்வில் நகரில் கூடிய பல் வைத்தியர்கள் முன்னிலையில் அதனைச் செய்தும் காட்டினார். ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. நோயாளி சற்று அசைந்தாலும் படம் கெட்டுவிடும். எனவே படச்சுருளை வாயினுள் அசையாது நிறுத்தும் பிடியொன்றை அவர் வடிவமைத்தார். படச்சுருள் பல்லுக்குச் சமாந்தரமாகவும், கதிர் அவ்விரண்டுக்கும் செங்குத்தாகவும் அமைந்தால் மட்டுமே பல்லின் உண்மையான நீளம் படத்தில் விழும் என்பதையும் அவர் அப்பொழுதே உணர்ந்திருந்தார். இன்றைய பல் வைத்திய மாணவர்களும் இதே விதியைக் கற்கின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

அதுவரை பல் வைத்தியம் என்பது கண்ணுக்குத் தெரிவதை மட்டும் நம்பிய தொழிலாகவே இருந்தது. முளைக்காத பல் தாடைக்குள் இருக்கிறதா, அல்லது பிறவியிலேயே இல்லையா என்பதை அறிய வழியே இருக்கவில்லை. வேரின் நுனியில் சீழ் கட்டியிருப்பதும், வேர்க்குழாய் முற்றாக நிரப்பப்பட்டதா என்பதும் ஊகமாகவே இருந்தன. எக்ஸ் கதிர் இந்த இருளை நீக்கியது. ஆயினும் அது வேறோர் இருளைத் தன்னுள் மறைத்து வைத்திருந்தது.

அக்காலத்து எக்ஸ் கதிர்க் குழாய்கள் ஒருநாள் இயங்குவது போல் மறுநாள் இயங்குவதில்லை. கதிர் போதிய வலிமையுடன் வருகிறதா என்று ஒவ்வொரு தடவையும் சோதிக்க வேண்டும். அதற்கான எளிய வழியாக, வைத்தியர்கள் தம் கையையே குழாயின் முன் நீட்டி, ஒளிரும் திரையில் தம் விரல் என்புகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பார்த்தனர். கெல்ஸும் அவ்வாறே செய்தார். நாளும் நோயாளர் வந்தனர். நாளும் அவர் தம் கையைக் கதிரின் முன் நீட்டினார். அதனால் கையில் வலியேதும் ஏற்படவில்லை. ஆகவே தீங்கேதும் இருப்பதாக அவர் கருதவுமில்லை.

எச்சரித்தவர்கள் இல்லாமலில்லை. பொஸ்டன் நகரில் வாழ்ந்த வில்லியம் ரோலின்ஸ் என்பவரும் பல் வைத்தியரே. எக்ஸ் கதிர் விலங்குகளைக் கொல்லவல்லது என்பதை 1901இல் பரிசோதனை மூலம் நிறுவிய அவர், குழாயைக் கதிர் கசியாத பெட்டியினுள் அடைக்கவேண்டும், நோயாளியின் உடலில் தேவையான பகுதியைத் தவிர ஏனையவற்றை மறைக்கவேண்டும் என்று வலியுறுத்தினார். 1904இல் எடிசனின் உதவியாளரான கிளரன்ஸ் டாலி கதிரின் பாதிப்பால் உயிரிழந்தார். எனினும் புதுமையின் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த உலகம் இக்குரல்களுக்கு நெடுங்காலம் செவிசாய்க்கவில்லை.

கெல்ஸின் கைத்தோலில் தோன்றிய புண்கள் ஆறவில்லை. அவை புற்றுநோயாயின. முதலில் விரல்கள் அகற்றப்பட்டன. பின்னர் கை. பின்னர் புயமும். முப்பதுக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகளை அவர் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கையே மூலதனமான ஒரு தொழிலில் கையை இழப்பதன் வேதனையை நாம் ஊகித்தறியலாம்.

இத்துன்பத்தின் நடுவிலும் அவர் வாளாவிருக்கவில்லை. உடலின் பல்வேறு நோய்களுக்கும் பற்களிலுள்ள கிருமிகளே காரணம் என்ற கொள்கை 1910களிலும் 1920களிலும் வேகமாகப் பரவியது. கதிர்ப்படத்தில் சிறு நிழல் தெரிந்தாலும் போதும், நல்ல பற்களும் கூட்டங்கூட்டமாகப் பிடுங்கப்பட்டன. தாம் அறிமுகப்படுத்திய கருவியே இவ்வாறு தவறாகப் பயன்படுவதைக் கண்டு கெல்ஸ் கடுமையாகக் கண்டித்தார். வைத்தியர் ஒருவர் எழுதி அனுப்பினார் என்பதற்காக மட்டும் பல்லைப் பிடுங்க மறுக்கும் துணிவு பல் வைத்தியருக்கு வேண்டும் என்று வாதிட்டார். காலம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது.

1926இல் தம் முப்பதாண்டு அனுபவத்தைத் தொழில்சார் சஞ்சிகையொன்றில் எழுதிய அவர், தமக்கு நேர்ந்ததையிட்டு விதியை நோகவில்லை. நாள்தோறும் பல்லாயிரம் நோயாளர் இக்கதிரால் நன்மை பெறுவதை நினைக்கும்போது முறையிட மனம் வரவில்லை என்ற கருத்தையே அவர் வெளியிட்டார். ஆயினும் நோய் அவரை விட்டுவைக்கவில்லை. தாங்கொணா வேதனையின் மத்தியில், 1928 மே மாதம், தமது எழுபத்தோராவது வயதில் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். 1936இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில், கதிரியலுக்காக உயிர்நீத்த பல நாட்டவர்களுக்கு நினைவுத்தூண் எழுப்பப்பட்டபோது அதில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டன. ஒரு விஞ்ஞானப் புதுமைக்கு மனிதர் செலுத்திய விலையை அத்தூண் இன்றும் நினைவூட்டுகிறது.

அவர் தொடக்கிய பணி வளர்ந்தது. கதிர்க்குழாயைச் சற்று நகர்த்தி இரண்டு படங்களை எடுத்து ஒப்பிட்டால், புதைந்த பல் அண்ணத்தின் பக்கமுள்ளதா உதட்டின் பக்கமுள்ளதா என அறியலாம் என்பதை 1910இல் கிளார்க் விளக்கினார். 1931இல் புரோட்பென்ட் தலையின் பக்கவாட்டுப் படத்தை அளவிடும் முறையை வகுத்தார். 1990களின் இறுதியில் கூம்புக் கதிர் முறை வந்தபின், புதைந்த பல்லை முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்ப்பதும் சாத்தியமாயிற்று. சிக்கலான நிலைகளில் இது பேருதவி புரிகிறது. ஆனால் சாதாரண படங்களைவிட இதில் கதிரின் அளவு அதிகம். வளரும் பிள்ளைகளின் உடல் கதிருக்கு எளிதில் பாதிப்படையக்கூடியது. எனவே சாதாரண படமே போதுமான இடத்தில் முப்பரிமாணப் படத்தை நாடலாகாது என்பது இன்றைய வைத்திய நெறியாகும்.

தேவையான படத்துக்கு அஞ்சி அதைத் தவிர்ப்பதும், தேவையற்ற படத்தைக் கேட்டுப் பெறுவதும் ஒருங்கே தவறாகும். பத்து வயதளவில் பிள்ளையின் வேட்டைப்பல் முளைப்பதற்கான அறிகுறி ஈற்றில் தென்படாவிடின் பல் வைத்தியரிடம் காட்டுவதும், படம் எடுக்கச் சொன்னால் அதன் நோக்கம் யாதெனக் கேட்டறிவதும் பெற்றோரின் கடமையாகும். உரிய காலத்தில் கண்டறிந்தால், மேலேயுள்ள பாற்பல்லை அகற்றுவதன் மூலமே புதைந்த பல் தன் வழியைக் கண்டுகொள்ளும் வாய்ப்புண்டு. இன்று சில வினாடிகளில் முடியும் அந்தப் படத்தின் பின்னால், கதிரின் முன் நாளும் நீட்டப்பட்ட ஒரு கை இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.